மடித்து வைத்த பதினொரு கிலோமீட்டர்

சுளகை மடியில் வைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையில் ஒன்றை எடுத்து, தூளை நீளவாக்கில் போட்டு, பெருவிரலால் உருட்டி, தலையை மடக்கி, அடியில் நூலைச் சுற்றி அறுத்துச் சுளகின் ஓரத்தில் போட்டால் ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும், கண் பாட்டுக்கு வேறு எதையாவது பார்க்கும். இன்றைக்கு என் கண் வாசலை விட்டு நகரவில்லை. எங்கள் வீட்டு ஆள் அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப் போனவர், காலை எட்டு மணிக்கு முடித்திருக்க வேண்டியவர், பகல் பதினொன்றாகியும் வீடு வந்து சேரவில்லை. முடிக்க விடாமல் செய்தது நான்தான். அது இந்நேரம் அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் பேரை நான் சொல்வதில்லை. ஊர் ஆவுடையப்பன் என்று சொல்லும். மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கிற, கரண்டு எடுக்கிற காற்றாடிகளில் பதினாலுக்கு அவர் காவல். காற்றாடியை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், ஆனால் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போவார்கள். காவல் இல்லாத நேரமெல்லாம் சைக்கிள். கிடாக் கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியும், ஒரு விரலால் தூக்குகிற எடையும் உள்ள சைக்கிள். டவுனில் அதற்கென்று ஒரு கிளப் உண்டு. அவர்களுக்குள் பந்தயம் கிடையாது, முந்தினவர் பிந்தினவர் கிடையாது, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். இருநூறைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், முந்நூறை இருபதில், நானூறை இருபத்தேழில், அறுநூறை நாற்பதில். வழியில் சொல்லி வைத்த இடங்களில் ஒரு அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், முத்திரை இல்லாவிட்டால் மிதித்தது மிதித்ததே இல்லை. ஒரு முத்திரைக்கும் அடுத்த முத்திரைக்கும் நடுவில் யாரும் கைகொடுக்கக் கூடாது, பஞ்சரானால் தானே ஒட்ட வேண்டும், வயிறு கலங்கினால் தானே சமாளிக்க வேண்டும், அழுகை வந்தால் தானே துடைத்துக்கொள்ள வேண்டும். நாலையும் ஒரே சீசனில் முடித்தவருக்கு ஒரு பதக்கம்.

மார்கழி பிறந்ததுமே பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டுச் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டுவார். என்றைக்கு எந்தத் தூரம், எந்த இடத்தில் தண்ணீர், எந்த ஊரில் இட்லி, எந்த மேட்டில் காற்று எதிர்க்கும், எல்லாம் அதில் இருக்கும். போன வருச அட்டையில் நானும் இருந்தேன். நானூறு என்று எழுதிய கட்டத்துக்கும் அறுநூறு என்று எழுதிய கட்டத்துக்கும் நடுவில், பச்சைப் பேனாவில், பிரசவம் என்று எழுதியிருந்தார்.

"நானூறு முடிஞ்சு எட்டு நாள் இடைவெளி இருக்கு, போதும்" என்றார், டயருக்குச் சொல்வது மாதிரி.

நானூறு அமைந்த நாள் பங்குனி உத்திரம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் அதனதன் குலதெய்வச் சாஸ்தாவைத் தேடிப் போய்விடும், ஒருவருக்குக் குளத்தங்கரையில், ஒருவருக்கு ஆற்றுக்கு அப்பால், ஒருவருக்கு மலை மேலே, இருக்கிற வேனும் ஆட்டோவும் மினிபஸ்ஸும் பொங்கப்பானையோடும் கிடாவோடும் போய்விடும், ஊரில் நாயும் கோழியும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினி துணைக்கு இருக்கிறேன் என்றாள். இன்னும் எட்டு நாள் கிடக்கு, போயிட்டு வாங்க மதினி என்று நான்தான் அனுப்பினேன். அவர் அதற்கு முன்னாலேயே, விடியும் முன்பே போயிருந்தார், ரெண்டு போனையும் எடுத்துக்கொண்டு. ஒன்று வழி பார்க்க, ஒன்று அதில் சார்ஜ் இறங்கினால் மாற்ற. இரண்டாவது போன் என்னுடையது.

காலை பத்து மணிக்கு வலி கண்டது. நான் நடந்தேன். ஆஸ்பத்திரி டவுனில், டவுன் பதினொரு கிலோமீட்டர். பதினொரு கல்லிலும் எனக்கு என்னென்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அது ஒரே ஒரு ஆள் கேட்பதற்காக நான் எடுத்து வைத்திருப்பது. இரண்டு லாரி போனது, நிற்கவில்லை என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். ஏழாம் கல்லில் நின்றேன். பிறகும் நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் வார்டுக்கு வந்து அவர் சொன்ன முதல் சொல், "இருபத்தாறு மணி நாப்பது நிமிசம். எதிர்க்காத்து வேற." பிள்ளையைப் பார்த்து, "மூக்கு எங்கம்மா மூக்கு" என்றார். அறுநூறில் முட்டி வீங்கிப் பாதியில் திரும்பிவிட்டதால் அந்த வருசம் பதக்கம் தவறியது, அந்தத் துக்கத்தை ஒரு மாசம் கொண்டாடினார். நீ ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிள்ளைக்குத் தர்ஷினி என்று பேர் வைத்த அன்றைக்கும் கேட்கவில்லை, அவள் குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்ற அன்றைக்கும் கேட்கவில்லை. ஊருக்குத் தெரியும். ஊரிடம் நான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், கேக்காத ஆளுகிட்ட நீங்களா சொல்லாதீங்க என்று. கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன், ஆம்பிளைகள் முன்னால் எனக்குச் சத்தம் வராது, ஆனாலும் அவர்களுக்குக் கேட்டது. உத்திரத்துக்குப் போன குற்றம் அவர்கள் காதைத் தீட்டி வைத்திருந்தது.

பிள்ளையோடு ஊர் திரும்பிய நாளில்தான் ரோடு இல்லாமல் போனது தெரிந்தது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ஆட்டோ திரும்பியதும் எங்கள் ஊர் வளைவு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கியர் கூட மாற்றவில்லை. "இறங்குங்கம்மா, வந்தாச்சு" என்றார், பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சீக்கிரமா வந்துட்டம் போல" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், பிரசவத்துக்குப் போகும்போது கட்டியிருந்த நீல வாயில் சேலையைக் குழாயடியில் துவைத்தேன். துவைக்கத் துவைக்க அது நீண்டது. பன்னிரண்டு முழம், அறுபது முழம், அதற்கு மேல் முழத்தில் அளக்க முடியவில்லை, நீலம் கறுத்துத் தாராகி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடி, கோட்டுக்குப் பக்கத்தில் கல்லும், கல்லுக்குப் பக்கத்தில் புளியமரமும், மரத்துக்குக் கீழே பாலமுமாக வந்துகொண்டே இருந்தது. நடந்த தூரம் என்னோடு வந்துவிட்டது என்று புரிந்தது. ரத்தக்கறை போன இடமும் உண்டு, போகாத இடமும் உண்டு. பிழிந்து, கொடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட மாதிரி மடித்துத் தொட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

ஊர் இரண்டு நாளில் பழகிவிட்டது. மினிபஸ் அப்படியே நின்றது, ஜனங்கள் எங்கள் ஊரில் பின்படியில் ஏறி உள்ளே நடந்து டவுனில் முன்படியில் இறங்கினார்கள், உட்கார்ந்து போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினார்கள். கண்டக்டர் மட்டும் விடாமல் விசில் கொடுத்தார். நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து, நாடாவை விரிக்க இடமில்லாமல் நின்று, "ஃபைல்ல பதினொன்னு இருக்கு, ரோட்டுல இல்ல, ஃபைல்தான் சரி" என்று எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மழைக்கு ஒதுங்க மரமில்லை என்று வருத்தம், அவ்வளவுதான்.

ஆறாம் கல்லில் டீக்கடை வைத்திருந்த கோமதிநாயகம் அண்ணாச்சி மட்டும் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, ஒங்கிட்ட என் கடை இருக்காமே."

கதவுக்குப் பின்னாலிருந்து ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு நான் கடையப் பூட்டிட்டுச் சாஸ்தாவுக்குப் போனவன்தான். கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா பாய்லர் அதுக்குள்ள கெடக்கு."

சேலையை எடுத்து ஆறாம் மடிப்பைப் பிரித்து, ஒட்டிய வைக்கோலைத் தட்டுவது மாதிரி தட்டினேன். கடை ஊர் வளைவுக்குப் பக்கத்தில் விழுந்து நின்றது, பெஞ்சு, பாய்லர், பன் தொங்குகிற கண்ணாடிப் பெட்டி, எல்லாம் இருந்தது. பிறகு அவர் கடைக்கு முன்னால் எங்கள் ஊர், பின்னால் டவுன் என்று ஆகிவிட்டது. வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இன்றுவரை எனக்கு டீ ஓசி.

செல்லக்கனி மதினி ஒரு நாள் இலை வெட்டிக்கொண்டே கேட்டாள். "ஏட்டி முப்புடாதி, அந்த ரோட்ட ஒரு வாரத்துக்குக் கடனாக் குடேன். எங்க மாமியா வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல விரிச்சிக்கிடுதேன்."

"அது ஒரு ஆளுக்குன்னு வச்சிருக்கேன் மதினி."

மதினி என் முகத்தைப் பார்த்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். "என்னைக்கு?" என்றாள்.

எங்கள் வீட்டு ஆளுக்கு ரோடு போனதில் ஒரே ஒரு குறைதான். "டவுனுக்குப் போய் வந்தா இருபத்திரெண்டு கணக்குல சேரும். இப்ப சேரல" என்று சொல்லி, அந்த இருபத்திரண்டைக் குளத்துக்கரையைச் சுற்றிச் சரிக்கட்டினார்.

இந்த மார்கழியில் அவர் மறுபடி காலண்டர் அட்டையைத் திருப்பினார். நானும் அட்டையைப் படித்தேன். அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் ஒருவர் எங்கே தண்ணீர் குடிப்பார் எங்கே மூச்சு வாங்குவார் என்று எழுதியிருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அவர் சாப்பிடும்போது கிளப்பு ஆளோடு போனில் பேசுவதைக் கேட்டேன், ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன், எத்தனை நிமிசம் மிச்சம் பிடிப்பார், எந்த இடத்தில் அந்த மிச்சத்தைச் செலவழிப்பார், எல்லாம். அவருக்கு ஒரு சீசன், எனக்கு ஒரு சீசன். அவர் அட்டையில் எழுதினார். நான் வெட்டி மிஞ்சிய இலைத் துண்டுகளை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்தேன், இருநூறுக்கு ஒன்று, முந்நூறுக்கு ஒன்று, நானூறுக்கு ஒன்று.

"முத ஓட்டத்துலயே ரோட்ட விரிச்சிருட்டீ" என்றாள் மதினி.

"வேண்டாம் மதினி. மூணையும் முடிக்கட்டும்."

"எதுக்கு?"

"பதக்கம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்."

மதினி இன்னொரு இலையை எடுத்து வெட்டினாள். பிறகு, "ஒன்ன ஊமைன்னுல்லா நெனச்சோம்" என்றாள்.

தையில் இருநூறை முடித்தார். மாசியில் முந்நூறை முடித்தார். பங்குனியில் நானூறை முடித்தார், அன்றைக்குத் தர்ஷினிக்குக் காய்ச்சல், கூப்பிட்டால் அவர் போன் அணைந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன், ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு இலையை எடுத்து அடுப்பில் போட்டேன். சித்திரையில் அறுநூறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பட்டால் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். முடிகிற இடம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடி, அங்கே கிளப்புக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி முத்திரை கோமதிநாயகம் அண்ணாச்சி கடையில். கடைசி முத்திரைக்கும் முடிகிற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு மிதி. அந்த ஒரு மிதிக்காகவே கிளப்புக்காரர்கள் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தார்கள், களைத்து வருகிறவர்களுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று.

நான் கேட்காமலேயே ஊர் தயாரானது. சனிக்கிழமையே டவுனுக்குப் போய் வேண்டியதை வாங்கி வந்துவிட்டார்கள். கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஞாயிறு காலை எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, பங்குனி உத்திரத்தன்று எப்படி இருந்ததோ அப்படி, நாயும் கோழியும் மட்டும் வெளியே. மற்ற சைக்கிள்காரர்கள் விடியுமுன்பே கடந்து போயிருந்தார்கள். ஏழு மணிக்கு நானும் மதினியும் தொட்டிலுக்குக் கீழேயிருந்து சேலையை எடுத்துப் போய், ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கொடியில் போடும் முன் உதறுவோமே அப்படி ஒரு உதறு உதறி, அண்ணாச்சி கடைக்கும் டவுனுக்கும் நடுவில் விரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பீடி சுற்ற உட்கார்ந்தோம்.

மற்றதெல்லாம் போனில் கேட்டது. அண்ணாச்சி மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு ஆள் பின்னாலேயே போனார், மதினி போனைச் சத்தமாக வைத்துச் சுளகில் சாய்த்து வைத்தாள்.

"வந்துட்டான் தாயி. ஏழு இருபத்தஞ்சுக்கு முத்திரை போட்டேன். டீயக் குடிச்சிட்டு, பதக்கத்த ஒம்ம கடையில மாட்டுதேன் அண்ணாச்சிங்கான்."

பிறகு, "ரோட்டப் பாத்துட்டான். டவுன் பதினொன்னுன்னு பலகை நிக்கில்லா. கொஞ்ச நேரம் பாத்தான். பதினொன்னுதான, அரைமணி நேரம் கெடக்கு, மிதிச்சிருவேன்னு ஏறிட்டான்."

பிறகு, ரெண்டாம் கல்லில், "இடுப்பப் பிடிக்கான்."

மூன்றாம் கல்லில், "விட்டு விட்டு வலிக்காம். சூடு பிடிச்சிருச்சு போலங்கான்."

நாலாம் கல்லில் சைக்கிளை விட்டு இறங்கினார். ஒரு விரலால் தூக்குகிற சைக்கிளை இரண்டு கையாலும் தள்ள முடியவில்லை. காலை நேரத்திலேயே வியர்த்துக் கொட்டியது. அந்த ரோட்டுக்குள் காலை இல்லை, பங்குனி மாசத்து உச்சி வெயில்தான் மடித்து வைத்தபடி இருந்தது. அஞ்சாம் கல்லில் தண்ணீர் கேட்டார்.

"தண்ணி வச்சிருக்கேன் தாயி" என்றார் அண்ணாச்சி. "குடுக்கட்டுமா?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டுச் சொன்னேன், "ரெண்டு முத்திரைக்கு நடுவுல யாரும் கைகொடுக்கக் கூடாது அண்ணாச்சி. அவிய சட்டம்."

"அது சரி" என்றார் அண்ணாச்சி.

எட்டு மணி அடித்தது. ஆறாம் கல்லில் கடை இருந்த இடத்தில் வெறும் தரை கிடந்ததைப் பார்த்து நின்றாராம். ஏழாம் கல்லை நெருங்கும்போது ஒரு லாரி வந்தது. கையை ஆட்டினார், நிற்கவில்லை. இன்னொரு லாரி வந்தது. அதுவும் நிற்கவில்லை. ஏழாம் கல்லில் புளியமரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, தரையில் கையை ஊன்றி, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அது போனில் கேட்டது. தொட்டிலில் தர்ஷினி திரும்பிப் படுத்தாள். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் போட்டது. ஒரு வருசமாக மடிப்புக்குள் கிடந்து கொஞ்சமும் கெடாமல் இருந்தது.

"அண்ணாச்சி" என்றார் அவர், மூச்சு வாங்கி வாங்கி. "இந்த ரோடு இத்தன நாளு எங்க இருந்துச்சு?"

"ஒம் பொண்டாட்டி வச்சிருந்தா."

"இதுக்குள்ள என்ன கெடக்கு?"

"அத எங்கிட்டக் கேக்காதல. அன்னைக்கு நான் ஊருல இல்ல."

அதற்குப் பிறகு மூன்று கல்லுக்கு மொபெட் சத்தமும் சைக்கிளைத் தள்ளுகிற சத்தமும் செருப்பு இழுபடுகிற சத்தமும்தான் கேட்டது. மதினி மெல்லச் சொன்னாள், "போதும் முப்புடாதி. எட்டு மணி தாண்டிருச்சு, பதக்கம் போச்சு. மடக்கிருவோம்."

"எனக்குப் பதினொன்னு மதினி. பத்துல யாரும் மடக்கல."

பதினோரு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டார். வேப்பமரத்தடியில் மேசையை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முத்திரை இல்லாத கடைசிக் கட்டத்தை அவர் பார்க்கவே இல்லை, அட்டை கீழே விழுந்ததும் தெரியவில்லை என்றார் அண்ணாச்சி. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வார்டு எந்தப் பக்கம் என்று காவல்காரரிடம் விசாரித்தாராம்.

அப்போதுதான் நானும் மதினியும் போய்ச் சேலையை இழுத்து மடக்கினோம். ஈரமாக இருந்தது. மறுபடி தொட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், நெடுஞ்சாலைக்காரருக்கும் கொடுக்க மாட்டேன். அடுத்த வருச அட்டையில் ஆயிரம் என்று ஒரு கட்டம் போடப்போவதாகக் கிளப்பு ஆளிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியதை அவர் இன்றைக்கும் கேட்காவிட்டால், ஜன்னல் கம்பியில் ஒரு புது இலை சொருக எனக்கு எவ்வளவு நேரமாகும்?

மதினி தன் வீட்டுக்குப் போய்விட்டாள், கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறாள். சுளகு ஓரத்தில் இருபத்து நாலு கிடக்கிறது. வளைவுப் பக்கம் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற டிக் டிக் சத்தம். எங்கள் வாசலில் நின்றுவிட்டது. அவர் உள்ளே வரவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. நாலு வருசமாக இந்தா, ஏய் என்று கூப்பிட்டவர் இன்றைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"முப்புடாதி. அன்னைக்கு நீ எப்பிடிப் போன?"

கேட்டுவிட்டார். முதல் கல்லிலிருந்து ஆரம்பித்துப் பதினொன்று வரைக்கும் நான் சொல்லுவேன், உட்காராமல் நின்று கேட்க வேண்டும், ஆனால் இந்தக் கட்டுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இலையை எடுத்துவிட்டேன், தூளும் போட்டுவிட்டேன், இதை உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி, கட்டாகக் கட்டி, சுளகைத் தட்டி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன், இரண்டாம் தரமும் கூப்பிடுகிறார், கூப்பிடட்டும், அன்றைக்கு ஏழாம் கல்லில் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேனே, ரெண்டு லாரியும் போய்ப் புழுதி அடங்குகிற மட்டும், அதே மாதிரி அவரும் வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னும் ஒரு தரம் என் பேரைச் சொல்லி, இன்னும் ஒரு தரம் கேட்கட்டும்.